தன்னியக்க ரோபோக்களில் கலாநிதி ஆய்வு: யாழ்ப்பாணத்துப் பட்டதாரி எந்த வழியைத் தேர்வது?

தன்னியக்க ரோபோக்கள் பற்றிய கலாநிதி ஆய்வுக்குப் போக எண்ணுகிற ஒருவர் யாழ்ப்பாணத்தில் அதை வீட்டில் சொன்னவுடன் எழுகிற முதற் கேள்வி பெரும்பாலும் "எந்த நாட்டுக்கு?" என்பதாகவே இருக்கிறது. சித்தப்பா சூரிச்சில் இருக்கிறார், மாமா குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது, பெரியம்மாவின் மகள் சிட்னியில் இருக்கிறாள் என்று பேச்சு உறவுமுறை வழியே விரிந்து, ஆய்வைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதற்கு முன்னமே முடிவு பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது. உறவினர் வீடு முதல் இரண்டு மாதங்களுக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் கலாநிதி ஆய்வு மூன்று ஆண்டிலிருந்து ஆறு ஆண்டுவரை நீளக்கூடியது. ஆகவே இங்கு நாட்டைக் கடைசியில் வைத்து, பணத்தை யார் எந்த வடிவில் தருகிறார், எந்த ரோபோவில் கை வைக்க முடியும், நுழைவதற்கு எந்தப் பட்டம் போதும், முடித்தபின் திரும்பவேண்டிய கட்டுப்பாடு உண்டா என்பவற்றைக் கொண்டு வழிகளை ஒப்பிட முயல்கிறேன்.

அதற்கு முன் துறைக்குள்ளேயே உள்ள ஒரு பிரிவைக் கவனிக்க வேண்டும். மனிதர் ஓட்டாமல், தன் உணரிகளால் சூழலைக் கண்டு, தான் நிற்கும் இடத்தைக் கணித்து, அடுத்த அசைவைத் தானே தீர்மானிக்கும் இயந்திரத்தையே தன்னியக்க ரோபோ என்கிறோம். இதில் சில ஆய்வுகளுக்கு நல்ல கணினியும் பொறுமையும் போதும். முன்பின் அறியாத இடத்தில் வரைபடத்தை அமைத்துக்கொண்டே அதே வரைபடத்தில் தன் இருப்பிடத்தையும் கணிக்கும் ஸ்லாம் என்ற பிரச்சினையை, 2012இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரத்து வீதிகளில் பதிவுசெய்து வெளியிடப்பட்ட கிற்றி போன்ற பொதுத் தரவுத்தொகுதிகளைக் கொண்டு எங்கிருந்தும் ஆராயலாம். பாதைத் திட்டமிடலின் பெரும்பகுதியையும் சிமுலேஷனிலேயே செய்துவிடலாம். நாலு காலில் நடக்கும் ரோபோ, வேகமாகப் பறக்கும் ட்ரோன், நீருக்கடியில் செல்லும் கலம் ஆகியவை அப்படியல்ல. அவற்றில் கருவியும், அதைத் திருத்தத் தெரிந்த தொழில்நுட்பவியலாளரும், உடைந்தால் மாற்று வாங்கப் பணமும் இல்லாத இடத்தில் ஆய்வே நடக்காது. எந்த வகை ஆய்வு என்பதைத் தீர்மானிக்காமல் இடத்தைத் தேடுபவருக்குக் கீழே சொல்லப்படும் எதுவும் அதிகம் பயன்படாது.

முதலில் உள்ளூர் வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கணினி விஞ்ஞானத் துறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது. மொறட்டுவையும் பேராதனையும் ரோபோ ஆய்வில் இவற்றைவிட நீண்ட அனுபவம் கொண்டவை. இலங்கையில் பெரும்பாலும் முதுதத்துவமாணிக்குப் பதிவுசெய்து, முன்னேற்றத்தைக் காட்டி, கலாநிதிப் பட்டத்துக்கு மாறுவதே வழக்கம். கட்டணம் சிறியது, பகுதிநேரமாகவும் செய்யலாம், வீட்டைவிட்டுப் போகவேண்டியதில்லை. பணம்தான் சிக்கல். முழுநேர ஆய்வாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவு, மேற்பார்வையாளரிடம் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவற்றின் மானியமோ பல்கலைக்கழக மானியமோ இருக்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. மானியம் முடிந்தால் கொடுப்பனவும் முடியும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறியபோது, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும், டொலரில் விலை குறிக்கப்பட்ட லைடார் உணரி வாங்கத் திட்டமிட்டிருந்த ஓர் ஆய்வு வரவுசெலவின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இதைவிடப் பெரிய குறை தனிமை. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் ஒரே துறையில் பத்துப் பதினைந்து கலாநிதி மாணவர்கள் அருகருகே இருந்து ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே அந்த வாய்ப்பு அரிது.

ஆனாலும் உள்ளூர் வழியை "வேறு வழியில்லாதவர் வழி" என்று தள்ளுவதோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் களம் என்ற ஒன்றை இங்கே இருப்பவர் விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கடனீரேரி பல இடங்களில் இடுப்பளவு ஆழமே கொண்டது. அங்கே ஒரு சிறிய தன்னியக்கப் படகையோ நீரடிக் கலத்தையோ விட்டால், கலங்கிய நீரில் கமராவுக்கு எதுவும் தெரியாது, பாசியும் வலைத்துண்டும் விசிறியில் சுற்றும், ஒலியலை அடியிலும் மேற்பரப்பிலும் மாறிமாறித் தெறித்து ஒரே பொருளுக்குப் பல எதிரொலிகளைத் தரும். ஆழ்கடலுக்கென வடிவமைத்த வழிமுறைகள் தடுமாறும் இடம் இது. தடுமாறும் இடத்தில்தான் ஆய்வுக்குப் பொருள் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயப் பாத்திகளுக்கிடையே நகர்ந்து களை பிடுங்கும் சிறு வண்டியும் அப்படியே. கார்ல்ஸ்ரூவ வீதித் தரவில் பயின்ற, வீதியில் உள்ளவற்றைக் கண்டறியும் கணினி மாதிரி ஒன்றைக் காலை எட்டு மணிக்குக் கே.கே.எஸ். வீதியில் சைக்கிள், ஓட்டோ, மாடு, பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்கிடையே ஓட்டிப் பார்த்தால் அதன் நம்பிக்கை எவ்வளவு விரைவாகக் குலைகிறது என்பதும் ஒரு நேர்மையான ஆய்வுக் கேள்வியே. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றலைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புவோர் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்: உலோகத் துண்டுகள் நிறைந்த பழைய போர்க்களத்தில் உலோகத்தைக் கண்டறியும் கருவி எழுப்பும் ஒலியில் பெரும்பகுதி வெறும் இரும்புக்கே எழுகிறது, பல பத்தாண்டுகளாக ரோபோக்கள் பேசப்பட்டும் களத்தில் இன்றும் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறுபவர் மனிதரே.

இந்தியா, நம்மவர் பலர் வெளிநாடு என்று கணக்கெடுக்கவே மறுக்கும் நாடு. சென்னை ஐஐடியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ரோபோ ஆய்வில் வலுவானவை. பின்னதில், கணினியும் இயந்திரமும் பிணைந்து இயங்கும் இணைய-பௌதிகத் தொகுதிகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் இலங்கையருக்கு உண்டு, யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் பறக்கிறது. பாடநெறிகளும் விரிவான தகுதித் தேர்வும் கட்டாயம் என்பதால் காலம் சற்று நீளும். புலமைப்பரிசில் தொகை மேற்கத்திய நாடுகளோடு ஒப்பிடத்தக்கதல்ல. மாறாக, கணித அடித்தளம் பலவீனமானவருக்கு அந்தப் பாடநெறிகள் செய்யும் நன்மை பெரிது.

ஜப்பான் வழி இலங்கைப் பொறியியலாளருக்குப் பழகிய வழி. சாகா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ரோபோவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி இங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆய்வுகூடம் அமைத்தவர்கள் பலர். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாகவோ, ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பரிந்துரை ஊடாகவோ விண்ணப்பிக்கலாம். வயது முப்பத்தைந்துக்குக் கீழ் இருக்க வேண்டும். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இல்லை. கலாநிதி மாணவருக்கான மாதக் கொடுப்பனவு நீண்ட காலமாக 145,000 யென் அளவிலேயே இருந்துவருகிறது. டோக்கியோவில் அது இறுக்கமான தொகை, கியூஷூ போன்ற பகுதிகளில் சமாளிக்கலாம். முதுமாணிப் பட்டம் உள்ளவர் மூன்றாண்டுக் கலாநிதி நெறிக்குள் போவார். அதற்கு முன் ஆய்வு மாணவராகச் சில மாதங்கள் இருப்பதும் வழக்கம். ஆய்வுகூடத்தில் ஆங்கிலத்தோடு காலம் தள்ளலாம். கடையிலும் மருத்துவமனையிலும் முடியாது.

ஜேர்மனியையும் சுவிற்சர்லாந்தையும் சேர்த்தே பார்க்கிறேன், ஏனெனில் இவ்விரண்டிலும் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் மாணவராக அல்லாமல் ஊழியராகவே நடத்தப்படுகிறார். ஜேர்மனியில் பொதுத்துறைச் சம்பளத் திட்டத்தின் 13ஆம் தரத்தில் ஒப்பந்தம் எழுதப்படும். ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்புறுதி, ஆண்டு விடுமுறை எல்லாம் அதில் அடங்கும். பொறியியலில் முழு வேலைநேரத்துக்கான ஒப்பந்தம் கிடைப்பது சாதாரணம். பதிலுக்கு இளமாணி மாணவருக்கு ஆய்வுகூட வகுப்பு நடத்துவது, திட்ட அறிக்கை எழுதுவது, நிதியளித்த நிறுவனத்துக்குச் செயல்விளக்கம் காட்டுவது ஆகியவை வேலையின் பகுதியாகும். சொந்தத் தலைப்போடு வருபவருக்கு இது ஒத்துவராது: இடம் விளம்பரப்படுத்தப்படும்போதே திட்டமும் ரோபோவும் தீர்மானிக்கப்பட்டிருக்கும். முதுமாணிப் பட்டம் இல்லாதவரை ஓரிரு விதிவிலக்கு நெறிகள் தவிர எடுக்கமாட்டார்கள். இதைப் புரிந்துகொண்டு தேடுபவருக்கு, நம் களத்துக்கு நெருங்கிய ஆய்வுகளே அங்கே கிடைக்கும். பொன் பல்கலைக்கழகத்தில் பயிர்ச்செய்கை ரோபோக்களுக்கென 2019இலிருந்து பெரும் ஆய்வுத் தொகுதி ஒன்று இயங்குகிறது, பிறேமனில் நீரடி ரோபோக்களுக்கான ஆய்வு நிலையம் இருக்கிறது. செம்மண்ணையும் கடனீரேரியையும் மனத்தில் வைத்திருப்பவர் இவ்விரு இடங்களின் வெளியீடுகளையும் படிக்காமல் விண்ணப்பம் எழுதத் தொடங்கக்கூடாது.

சூரிச்சின் ஈடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பற்றிச் சொல்லும்போது ஆர்வமும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகின்றன. அனிமல் என்ற நாலுகால் ரோபோவை உருவாக்கிய ஆய்வுகூடம் அங்கே இருக்கிறது. 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பழைய நிலக்கீழ்ச் சுரங்கமொன்றில், அந்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்பா ரோபோக்களுக்காக நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றில், ஈடிஎச் பங்குபற்றிய செர்பெரஸ் அணியும் அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் அணியும் ஒரே புள்ளி எடுத்தன. நேரத்தை வைத்துச் சமநிலை உடைக்கப்பட்டபோது செர்பெரஸ் 20 இலட்சம் டொலர் பரிசை வென்றது. அதே நகரில் தனியே இயங்கும் சூரிச் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு, தன்னியக்க ட்ரோன் ஒன்றை மனித வெற்றிவீரர்களுக்கு எதிராகப் பந்தயத்தில் ஓட்டி வென்றதை 2023இல் வெளியிட்டது. இத்தகைய இடங்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவியும். சித்தப்பா அங்கே இருப்பது வார இறுதிச் சாப்பாட்டுக்கு உதவும், தெரிவுக்கு உதவாது.

அவுஸ்திரேலியாவில் நான் சற்று நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் முதல் வகுப்புச் சித்தியுடைய நான்காண்டுப் பொறியியல் பட்டதாரிக்கு அதுவே மிக நேரான வழி என்பது என் கணிப்பு. முதுமாணி கட்டாயமில்லை, பாடநெறிச் சுமை மிகக் குறைவு, முதல் நாளிலிருந்தே ஆய்வு தொடங்குகிறது, மூன்றரை ஆண்டளவில் முடிகிறது. இத்துறையில் அந்நாட்டின் இடம் வெறும் பணத்தால் வந்ததல்ல. ஸ்லாம் பிரச்சினைக்கு உறுதியான தீர்வு உண்டு என்று 2001இல் நிறுவிக் காட்டிய, இன்றுவரை மேற்கோள் காட்டப்பட்டுவரும் ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பேராதனையில் பொறியியல் படித்த காமினி திசாநாயக்க. பெயரைக் கண்டு அரசியல்வாதி என்று மயங்கவேண்டாம், இவர் பிற்காலத்தில் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சிட்னி பல்கலைக்கழகத்தின் கள ரோபோவியல் மையம் துறைமுகக் கொள்கலன் வண்டிகளிலிருந்து மரக்கறித் தோட்ட ரோபோக்கள்வரை உண்மையான வேலைத்தலங்களில் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்த இடம். பிறிஸ்பேனில் சிஎஸ்ஐஆர்ஓவின் ரோபோ ஆய்வுகூடமும் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மையமும் ஒரே நகரில் இருப்பதால் இரண்டிலும் மேற்பார்வையாளரைப் பெறும் வாய்ப்பும் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டக் கொடுப்பனவின் அடிப்படைத் தொகை 2024இல் ஆண்டுக்கு 32,192 அவுஸ்திரேலிய டொலர். பல பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் கொடுக்கின்றன. சிட்னியில் அறை வாடகையே இதில் பெரும்பங்கை விழுங்கும் என்பதால் பிறிஸ்பேனோ அடிலெயிட்டோ மலிவு. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று: வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவும் கல்விக் கட்டண விலக்கும் இரண்டு தனித்தனி விடயங்கள். வெளிநாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் கொடுப்பனவையே தாண்டக்கூடியது. அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் அதைக் கண்டுகொள்ளாமல் விசாவுக்கு அலைவோர் இருக்கிறார்கள். கடிதத்தில் இரண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஒன்றுதான் இருந்தால் அந்த வழி மூடியதாகவே கொள்ளவேண்டும்.

அமெரிக்காவுக்கும் இளமாணியோடு நேராகப் போகலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபோ நிறுவனம் 1979இல் தொடங்கி, 1988இல் ரோபோவியலுக்கென்றே கலாநிதி நெறியை ஏற்படுத்தியது. ஆழத்தில் அதற்கு இணை சொல்வது கடினம். ஐந்து ஆறு ஆண்டு ஆகும், முதல் இரண்டு ஆண்டு பாடநெறிகளும் தகுதித் தேர்வும் இருக்கும், கட்டணமும் மாதக் கொடுப்பனவும் பேராசிரியரின் மானியத்திலிருந்து வரும். அண்மைக் காலத்தில் அந்த மானியங்களும் விசா நடைமுறைகளும் ஆட்டங்கண்டிருப்பதால் அமெரிக்காவை ஒரே தெரிவாக வைத்திருப்பது ஆபத்து. இன்னொன்றும் உண்டு: பாதுகாப்புத் துறை நிதியில் நடக்கும் சில ட்ரோன், தன்னியக்க ஊர்தி ஆய்வுகளில் வெளிநாட்டவர் சேர முடியாது. ஆய்வுகூடம் பெரிதாகத் தெரிந்தாலும் உங்களுக்குத் திறந்த திட்டம் எது என்று கேட்டறிய வேண்டும். பிரித்தானியாவில் அரசு நிதியில் நடக்கும் கலாநிதி இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 வீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் போட்டி கூர்மையானது. கனடாவில் பெரும்பாலும் ஈராண்டு முதுமாணியோடு தொடங்க வேண்டும். ரொறன்ரோவில் நல்ல ஆய்வுகூடங்கள் உண்டு. ஸ்காபரோவிலிருந்து பஸ் ஏறிப் போகலாம் என்பதற்காக அவற்றில் இடம் எளிதாகிவிடாது.

இனி யாருக்கு எது? முதல் வகுப்புச் சித்தியோடு, குடும்பப் பொறுப்பு அதிகம் இல்லாத இருபத்தைந்து வயதினர் அவுஸ்திரேலியாவை முதலிலும் அமெரிக்காவை இணையாகவும் வைக்கலாம். இரண்டாம் வகுப்பினர் நேராகக் கலாநிதிக்கு விண்ணப்பித்து மனம் சலிப்பதைவிட ஒரு முதுமாணியை முடிப்பது நல்லது. ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரச பல்கலைக்கழகங்களில் அதற்குக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பேர்க்கில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டவேண்டும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தனியே கட்டணம் விதிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் விசாவுக்காக ஆண்டொன்றுக்கு 11,904 யூரோவை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்டவேண்டியிருக்கிறது. அந்தத் தொகையைத் திரட்ட முடியாத குடும்பத்துக்கு மொறட்டுவை அல்லது இந்தியா வழியே முதுமாணி முடித்து, பிறகு ஜேர்மனியின் சம்பளப் பதவிக்குப் போவது மெதுவானது என்றாலும் கடன் இல்லாத வழி.

தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெற்றவரின் கணக்கு வேறு. அவருக்குச் சம்பளத்தோடு கல்வி விடுமுறை கிடைக்கும். அதற்குத் திரும்பி வந்து பணியாற்றுவதாகப் பிணைமுறி எழுத வேண்டும், பிணையாளரும் கையெழுத்திட வேண்டும். திரும்பாவிட்டால் தொகை பிணை நின்றவரின் தலையில் விழும். அந்தப் பிணையாளர் பெரும்பாலும் சக விரிவுரையாளராகவோ சொந்தத் தாய்மாமனாகவோ இருப்பார். திரும்பும் எண்ணம் உறுதியானவருக்கு மெக்ஸ்ட் போன்ற, காலவரையறை தெளிவான புலமைப்பரிசில் பொருந்தும். ஐந்தாறு ஆண்டு நீளும் அமெரிக்க நெறி விடுமுறைக் காலத்தையே தாண்டிவிடக்கூடும். வயதான பெற்றோரை விட்டுப் போக முடியாதவருக்கோ இங்கே பதிவுசெய்து, வெளிநாட்டு இணை மேற்பார்வையாளரோடு ஆண்டில் சில மாதங்கள் அங்கே கருவியில் வேலைசெய்து, எஞ்சிய காலத்தைக் கடனீரேரியிலோ தோட்டத்திலோ செலவிடும் கூட்டு ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பேன். அத்தகைய இடத்தை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை. இரு பேராசிரியர்களிடம் பேசி நீங்களே கட்டவேண்டும்.

எந்த வழியானாலும் இறுதியில் மேற்பார்வையாளரே முடிவைத் தீர்மானிக்கிறார். அவருடைய ஆய்வுகூடத்தில் கடைசியாகப் பட்டம் பெற்றவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இணையத்திலேயே பார்க்கலாம். காணொளிகளில் ரோபோ கட்டடத்துக்கு வெளியே ஓடுகிறதா, வழுக்கி விழுந்ததையும் காட்டுகிறார்களா, மென்பொருளைத் திறந்து வெளியிடுகிறார்களா என்பதும் தெரியும். நேர்காணலில் "ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் ரோபோ கிடைக்கும்? பழுதானால் திருத்துபவர் யார்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்; நல்ல பேராசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்பவரை மதிப்பார்.

முதற் கடிதத்தில் உங்கள் ஆர்வத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவதைவிட, அந்த ஆய்வுகூடம் வெளியிட்ட ஸ்லாம் மென்பொருளை உங்கள் சொந்தத் தரவில் ஓட்டிப் பார்த்து அனுப்புவது பயன்தரும். தொலைபேசியின் கமராவும் அசைவு உணரியும் போதும். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் நல்லூர்க் கோயிலின் வெளிவீதியை ஒருமுறை சுற்றிப் பதிவுசெய்யுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால், மென்பொருள் கணித்த பாதையின் தொடக்கமும் முடிவும் பொருந்தாமல் நிற்கும் இடைவெளியே அதன் பிழையைக் காட்டிவிடும். நீண்ட மதிலும் ஒரேமாதிரியான சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் எந்த இடத்தில் அதைக் குழப்பின, எந்த அமைப்பை மாற்றியபோது இடைவெளி குறைந்தது என்று படங்களோடு இரண்டு பக்கத்தில் எழுதி இணையுங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பரில் முடிவதால் இந்த வேலையைச் செப்டெம்பருக்கு முன் முடிப்பது நல்லது; ஜேர்மன் விளம்பரங்கள் ஆண்டு முழுவதும் வரும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அதே இரண்டு பக்கத்தை அடுத்த ஆய்வுகூடத்தின் மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புங்கள்.